வாக்குத்தத்த அட்டையும் செக்ரோலும்

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் 31ந் தேதி நள்ளிரவில் நமது தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் நடைபெற்றுவரும் ஒரு வழக்கத்தைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத முற்படுகிறோம். வாசகர்களில் பலருக்கு இது தெரிந்த விஷயமே. பழைய ஆண்டு கழிந்து புது ஆண்டு பிறக்கும் வேளையில், ஆராதனை முடிந்ததும், போதகர் ஒரு தட்டை ஏந்தி நிற்பார். தட்டிலே வேத வசனம் அச்சிட்ட சிறு அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். சபையார் வரிசையாக வந்து, கண்ணை மூடி ஜெபித்து, ஆளுக்கொன்றாக எடுத்துச் செல்வர். எடுத்த அட்டையில் கண்டிருக்கும் வசனமே அவ்வாண்டுக்குக் கடவுள் அவருக்கென்று அளித்த வாக்குத்தத்தம் என்பது நம்பிக்கை. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவோர் உண்டு. பணப்பையில் வைப்போர் உண்டு. காரின் கண்ணாடியில் ஒட்டுவோர் உண்டு. இப்பொழுது கைத்தொலைபேசியின் முகப்பில் படமாக வைத்துக்கொள்வோரும் உண்டு.

சிரம்பானிலிருந்து ரந்தாவ் செல்லும் பாதையில் உள்ள கோலா சாவாவிலும், அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்கிற நாமும் இதற்கு விலக்கானவர்கள் அல்லோம். வேன் பிடித்துச் சிரம்பானுக்குப் போய், அட்டையோடு திரும்புகிறவர்களே. சென்ற புத்தாண்டு இரவு நம்முடன் வேனில் வந்த ஒரு மூதாட்டி, முப்பது வருஷம் பால்மரம் சீவியவர், எழுத்து அறியாதவர், தமக்கு வந்த அட்டையை நம்மிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார். செழிப்பைப் பற்றிய வசனம். வாசித்துச் சொன்னோம். சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், "போன வருசமும் இந்த மாதிரிதான் வந்துச்சு. நான் என்ன செய்யணும்னு சொல்ற அட்டை அந்தத் தட்டுல ஒண்ணுகூட இருக்காதா தம்பி?" என்று கேட்டார்.

நாம் பதில் சொல்லவில்லை. வீடு சேர்ந்த பின், இத்தனை ஆண்டுகளாக நாமும் நம் வீட்டாரும் எடுத்த அட்டைகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தோம். கட்டளை ஒன்றேனும் வந்ததாக நினைவில்லை.

நிற்க. கிறிஸ்து மார்க்கத்தைப் பழிக்கும் நோக்கத்தோடு இதை எழுதுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். நாம் அம்மார்க்கத்திலே பிறந்து, அதிலேயே ஞானஸ்நானம் பெற்று, அதிலேயே புதைக்கப்படவும் விரும்புகிறவர்கள். ஆங்கிலத்தில் கல்வி கற்று, வேதத்தையும் முதலில் ஆங்கிலத்திலேயே வாசித்து, தோட்டத்தில் கிராணி வேலைக்கு வந்த பின்னரே தமிழ் வேதாகமத்தைக் கையில் எடுத்தோம். ஆங்கிலத்தில் வாசித்தபொழுது வேலைக்காரன் என்பவன் எங்கோ பாலஸ்தீன தேசத்து வயலில் நின்றவனாகத் தோன்றினான். தமிழில் வாசித்தபொழுது அவ்விடத்தில் "கூலி" என்ற சொல் எதிர்ப்பட்டது. அச்சொல்லை நாம் தினந்தோறும் செக்ரோலில் எண்ணாக மாற்றி எழுதுகிறவர்கள். அன்று முதல் வேதம் நமக்கு அவ்வளவு சௌகரியமான புஸ்தகமாக இல்லை.

அட்டை அச்சிடுவோர் எதை எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பரீட்சித்துப் பார்ப்போம். உபாகமம் 28ஆம் அதிகாரத்திலிருந்து தலையையும் வாலையும் பற்றிய வசனம் அட்டைகளில் மிகவும் பிரசித்தம். அவ்வதிகாரத்தில் 68 வசனங்கள் உள. முதல் 14 ஆசீர்வாதம். அதுவும் "கட்டளைகளின்படி நடந்தால்" என்ற நிபந்தனையோடு தொடங்குவது. மீதி 54 வசனங்களும் சாபம். பதினான்கில் ஒன்றைப் பிய்த்து, நிபந்தனையை நறுக்கி, வர்ண மை பூசிக் கையில் கொடுத்தால் அதற்குப் பெயர் வேதமாகுமா? எரேமியா 29ஆம் அதிகாரத்திலிருந்து நல்ல எதிர்காலத்தைப் பற்றிய வசனம் வராத ஆண்டே கிடையாது. அது யாருக்கு எழுதப்பட்டது? ஊரினின்றும் பெயர்த்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. அதற்கு முந்திய வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று கண்டிருக்கிறது. அதாவது, கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையைக் காணாமலே சாவார்கள். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் நன்மையைத் தேடுங்கள் என்பது தீர்க்கதரிசியின் புத்தி. கங்காணியின் பின்னே கப்பலேறி இத்தேசத்துக்கு வந்த பாட்டன் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதைவிடப் பொருத்தமான கடிதம் வேறு உண்டா? முழுக் கடிதத்தையும் விட்டுவிட்டு, இவ்வருஷம் பதவி உயர்வு வரும் என்று ஒரு வரியைக் கொண்டு நம்பிக்கொள்கிறோம்.

கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுக்கச் சொல்லும் உபாகமம் 24ஆம் அதிகாரமும், பையில் இருவகைப் படிக்கல் வைத்திருப்பதைக் கண்டிக்கும் 25ஆம் அதிகாரமும், அந்நியனை உள்ளூரானைப் போல் எண்ணச் சொல்லும் லேவியராகமம் 19ஆம் அதிகாரமும், பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதைச் சொல்லும் யாக்கோபு 5ஆம் அதிகாரமும் எந்தத் தட்டிலாவது கவிழ்ந்து கிடக்கக் கண்டவர் உண்டோ? இருந்தால் தயவுசெய்து அவ்வாலயத்தின் பெயரை இப்பத்திரிகைக்கு எழுதுங்கள். நாம் நேரில் சென்று வணங்குவோம்.

இனி, இவ்வேதம் தமிழில் நம் கைக்கு வந்த கதையைச் சற்றுப் பார்ப்போம். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். 1715இல் அது அச்சாகி நிறைவுற்றது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு நம் தமிழினுடையது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அதே 1708இல் அவர் டேனியத் தளபதியால் சிறையில் அடைக்கப்பட்டு ஏறக்குறைய நான்கு மாதம் இருந்ததையும் சிலர் சொல்வர். எதற்காக அடைக்கப்பட்டார் என்பதைச் சொல்லுகிறவர் மிகச் சிலர். தளபதிக்கும் அவருக்கும் ஏற்கெனவே பூசல் இருந்தது. அது முற்றியது ஒரு தமிழ் நாவிதரின் விதவையின் பொருட்டு. இறந்துபோன கணவருக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஒருவருக்கும் இடையே இருந்த கடன் விவகாரத்தில் அவ்விதவைக்காக அவர் பரிந்து பேசினார். ஆலயத்திலேயே தளபதியின் முன் முழந்தாளிட்டு முறையிடும்படி அவளுக்கு யோசனையும் சொன்னார். தளபதிக்கு அது பொறுக்கவில்லை. விளக்கம் கேட்டு அழைத்தபோது சீகன்பால்கு தயங்க, கைது செய்யப்பட்டார். இருபத்தாறு வயது. ஒரு கையால் வேதத்தைத் தமிழாக்கிக்கொண்டே மறு கையால் நாவிதர் வீட்டு விதவையின் கடன் கணக்கைப் பற்றியவர் அவர். அவ்விரண்டையும் அவர் வெவ்வேறு வேலை என்று எண்ணியதாகத் தோன்றவில்லை.

ஆனால் அவர் தொடங்கிய சபையிலேயே வேதம் ஒரு பக்கமும் வழக்கம் ஒரு பக்கமுமாகப் பிரிந்ததற்கு அதிக காலம் செல்லவில்லை. 1733இல் ஆரோன் என்னும் வேளாளர் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். உபதேசியார் இராஜநாயக்கன் உழைப்பிலும் தைரியத்திலும் எவருக்கும் குறைந்தவர் அல்லர். எனினும் அடுத்து ஒருவரை அபிஷேகம் செய்யும் சமயம் வந்தபொழுது, ஆதிதிராவிடராகிய அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்ஜாதியார் மறுப்பர் என்று அவர் ஒதுக்கப்பட்டார். இராப்போஜனத்தை ஏற்படுத்தியவர் செம்படவரோடும் ஆயக்காரரோடும் பந்தியிருந்தவர் என்பதை அந்தச் சபையார் வாசிக்கவில்லையா? வாசித்தார்கள். வசனம் ஒப்பிக்கச் சொன்னால் நம்மை வென்றுவிடுவார்கள்.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் (1774-1864) கீர்த்தனைகளை நாம் இன்றளவும் உள்ளம் உருகப் பாடுகிறோம், பாடவும் வேண்டும். அவரேதான் 1820களில் ஜாதி வழக்கத்தை ஒழிக்க முயன்ற மிஷனெரிமாரை எதிர்த்து எழுதியவர். 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியல் உவில்சன் தென்னிந்திய சபைகளில் ஜாதி அறவே ஒழிய வேண்டுமென்று நிருபம் விடுத்தபொழுது, மனந்திரும்பியோரைவிடச் சபையை விட்டுத் திரும்பிப்போனோரே அதிகம். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் கட்டிய ஆலயத்தில் இரு ஜாதியாருக்கும் இரு பகுதி வைத்து நடுவே சுவரும் எழுப்பினார்கள். பீடம் மட்டும் ஒன்று. 1910இல் குருவானவர் அச்சுவரை இடித்தார். இடித்ததற்காக மேல்ஜாதியார் சென்னை உயர்நீதிமன்றம் வரையில் சென்று வழக்காடித் தோற்றார்கள். திருச்சிராப்பள்ளி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே எழுப்பிய சுவரையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். செத்தவர்கள் எழுந்து கலந்துவிடுவார்கள் என்ற பயம் போலும்! இவையெல்லாம் பழங்கதை என்பார்க்கு: 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விழுப்புரம் மாவட்டமாயிருந்த பகுதியில் எறையூரில், தலித் கத்தோலிக்கர் தமக்கென்று தனிப் பங்கு கேட்டதையொட்டி மூண்ட கலவரத்தில் காவல்துறை சுட்டு இருவர் மாண்டனர்.

"அது இந்தியா, நாங்கள் கடல் தாண்டி வந்தோம், தோட்டத்து லயத்தில் எல்லோரும் ஒரே குழாய்த் தண்ணீர் குடித்தோம், இங்கே ஜாதி இல்லை" என்று நம் நண்பர்கள் சொல்லக்கூடும். குழாய்த் தண்ணீரை ஒப்புக்கொள்கிறோம். கல்யாணத்துக்கு வருவோம். சபையிலே பெண் இருக்கிறாள், பையன் இருக்கிறான், இருவரும் வாலிபர் ஐக்கியத்தில் சேர்ந்து வேதம் வாசித்தவர்கள், ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பேச்சு வீட்டுக்கு வந்ததும், சபையில் "பிரதர்" என்றும் "சிஸ்டர்" என்றும் கைகுலுக்கிய பெரியவர்கள், "அவங்க ஊர்ல என்ன ஆளுங்க?" என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் விட்டுவந்த ஊர்! அந்த ஊருக்கு வழி தெரியாது. அங்கே உறவு யாரென்று தெரியாது. ஜாதி மட்டும் தெரியும். இவ்வாறு முறிந்துபோன கல்யாணம் ஒன்றை நாம் அறிவோம். அவ்வீட்டுக் கூடத்தில் யோசுவாவின் கடைசி அதிகாரத்து வசனம், குடும்பத்தோடு கர்த்தரைச் சேவிப்பதைப் பற்றியது, பொன்னெழுத்தில் தொங்குகிறது.

இப்படியிருக்க, ஆவிக்குரிய வளர்ச்சி என்று எதைச் சொல்லுகிறோம்? வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளொன்றுக்கு மூன்று நான்காக வாசித்தால் வருஷத்தில் முடியும். முடித்தவர்களுக்குச் சபையில் பரிசு உண்டு. நாமும் இருமுறை வாங்கினோம். தோட்டத்திலே மரக்கணக்கு எடுப்பது போன்றது இது: இத்தனை ஏக்கரில் இத்தனை மரம் என்று எழுதிவிட்டால் கணக்கு சரி, மரம் காய்க்கிறதா என்பது வேறு இலாகா. சாட்சி சொல்லும் நேரத்தையும் கவனித்துவருகிறோம். வீடு வாங்கினதற்குச் சாட்சி வருகிறது. பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததற்கு வருகிறது. சர்க்கரை வியாதி இறங்கினதற்கு வருகிறது. இவை நன்றி செலுத்தத்தக்க காரியங்களே. ஆனால், "அண்டை வீட்டாரிடம் வாங்கி மறைத்ததைத் திருப்பிக் கொடுத்தேன்" என்று, "மனைவியை அடித்துவந்தேன், நிறுத்திவிட்டேன்" என்று, "வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தேன்" என்று எழுந்து சொன்ன ஒருவரை நாம் நாளதுவரை கண்டதில்லை. பணிப்பெண்ணைச் சொன்னது காரணத்தோடுதான். 2025ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அச்சட்டத்துக்குள் வீட்டுப் பணியாளர் வரமாட்டார். சர்க்கார் விட்டுவைத்த அவ்விடத்தில் வேதம் வாசிக்கிறவர் தாமாகவே என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால் அவருடைய வளர்ச்சியின் அளவு தெரிந்துபோம்.

"இரட்சிப்பு கிருபையினால், கிரியையினால் அன்று" என்று பவுலை எடுத்து நம்மை அடிக்க வருவோர் உண்டு. அவர்களுக்கு லூத்தரும் துணைக்கு வருவார். அவர் 1522இல் எழுதிய முகவுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலோடு ஒப்பிட்டவர்தாம். ஆயினும் லூத்தர் அந்நிருபத்தை வேதத்தினின்று கிழித்தெறியவில்லை. மொழிபெயர்த்துச் சேர்த்தே வைத்தார். கிருபையைப் பற்றி அவ்வளவு பேசிய பவுலும், பிலேமோனுக்கு எழுதிய ஒற்றைப் பக்கக் கடிதத்தில், ஓடிப்போன அடிமையை அடிமையாக அன்றிச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி, அவன் கடன்பட்டிருந்தால் தன் கணக்கில் எழுதும்படி கேட்கிறார். கணக்குப் புஸ்தகத்தை விட்டு ஓடிய கிருபை அவருக்குத் தெரியாது.

தோட்டத்துக்கே வருவோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் இருந்த தமிழர் பலர் சிரம்பானின் புறத்தே அடுக்குமாடிகளுக்குப் போயினர். அவர்கள் இடத்தில் இப்பொழுது குலை அறுக்கிறவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர். அவர்கள் தரகருக்குக் கடன்பட்டு வருகிறார்கள். மொழி தெரியாமல் நிற்கிறார்கள். பாஸ்போர்ட்டை இன்னொருவர் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். ஒருவருடைய பாஸ்போர்ட்டை இன்னொருவர் பிடித்துவைப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். எனினும் நடந்தது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுங்க இலாகா கட்டாய உழைப்பின் அடையாளங்கள் காணப்பட்டனவென்று இந்நாட்டின் இரண்டு பெரிய தோட்டக் கம்பெனிகளின் பாமாயிலைத் துறைமுகத்தில் தடுத்தபொழுதுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். நம் பாட்டனார் கங்காணியிடம் பட்டது இதுவே. அதைச் சொல்லி மேடையில் அழுகிற நாமே இன்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேனா பிடித்திருக்கிறோம். எகிப்தில் அந்நியராயிருந்ததை நினைத்து அந்நியனை ஒடுக்காதிருக்கச் சொல்லும் கட்டளை மோசேயின் ஆகமங்களில் ஒருமுறையன்று, பலமுறை வருகிறது. பலமுறை சொல்ல வேண்டியிருந்ததிலிருந்தே மனிதர் எவ்வளவு விரைவில் மறந்தனர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பிறரைக் குற்றஞ்சாட்டி முடித்துவிட்டால் நாம் யோக்கியர் என்று வாசகர்கள் நினைத்துவிடக்கூடும். ஆகையால் நம் செக்ரோலையும் திறந்து காட்டுகிறோம்.

முன்பு நாம் வேலைபார்த்த ஒரு தோட்டத்தில் அந்நிய தேசத்துத் தொழிலாளர் ஒன்பது பேர் குலை அறுத்துவந்தனர். பழுக்காத குலையை அறுத்தால் குலைக்கு இவ்வளவு என்று அபராதம் உண்டு. மண்டோர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார், நாம் பதிவோம். அவர் நம் சபையில் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரர், நல்ல குரல். மாதக்கணக்காக அபராதம் அந்த ஒன்பது பேருக்கே வந்தது. அவருடைய மைத்துனர்மார் அறுத்த குலையில் காயே கிடையாதாம்! ஒருநாள் நாமே குலை அடுக்கும் மேடைக்குப் போய்ப் பார்த்தோம். அபராதம் விழுந்த குலைகள் சிவந்து, உதிரிப் பழம் கொட்டிக் கிடந்தன. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டில் இருந்தபடியே பதிந்தோம். மண்டோரைப் பகைத்தால் வேலை நடக்காது என்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பது மற்றொன்று. அன்று காலை நமது ஓராண்டு வாசிப்பு அட்டவணையில் வந்தது யாக்கோபு 5ஆம் அதிகாரம். வாசித்துக் கட்டத்தில் குறியும் இட்டிருந்தோம்.

இதை நாம் எவரிடமும் சொல்லாமல் அத்தோட்டத்தை விட்டு இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் ஆயின. வேனில் மூதாட்டி கேட்ட பிறகு, ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போய் மேனேஜரைக் கண்டு, அறிந்தே பொய்க் கணக்கு எழுதினோம் என்று சொன்னோம். அவர் நம்மை விசித்திரமாகப் பார்த்து, கணக்கு முடிந்துபோன விஷயம் என்றார். பழைய குறிப்பேட்டைப் பார்த்து ஒன்பது பேருக்கும் பிடித்த தொகையைக் கூட்டினோம். ஆறு பேர் இன்னும் அங்கேயும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் கண்டு நம் சம்பளத்திலிருந்து கொடுத்தோம். ஒருவர் வாங்க மறுத்து, இது எதற்குச் சூழ்ச்சி என்று கேட்டார். நெடுநேரம் பேசின பின் வாங்கிக்கொண்டார். சகேயு நாலத்தனையாகக் கொடுத்தான். நாம் ஒன்றுக்கு ஒன்றே கொடுத்தோம். அதுவும் மூன்று மாதத் தவணையில். வீட்டில் இதைச் சொன்னபொழுது, "இதை முதல்லயே எழுதாம இருந்திருந்தா காசு மிச்சம்தானே" என்றார் மனைவியார். அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை.

பாடகர் குழுவில் நமக்கு நல்வரவு இப்பொழுது குறைந்திருக்கிறது. சபைக் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்: வருகிற டிசம்பர் 31ந் தேதித் தட்டில் பாதி அட்டைகளாவது கட்டளைகளாக இருக்க வேண்டும் என்று. கமிட்டியில் ஒரு பெரியவர், "புது வருசத்துல இப்படியான வசனம் வந்தா ஜனங்க மனசு கஷ்டப்படுமே" என்றாராம். முடிவு இன்னும் வரவில்லை.

ஒன்பது பேரில் மற்ற மூவர் ஊர் திரும்பிவிட்டனர். அவர்களுக்குச் சேர வேண்டிய 143 வெள்ளி ஓர் உறையில் நம் மேசையறையில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் லொம்போக் தீவினர் என்பதற்கு மேல் இதுவரை விலாசம் கிடைக்கவில்லை.